மாலுமியின் கையிலிருந்த செபமாலை

செங்கற்பட்டில் கொளவாய் ஏரிக்கு அண்மையில் இருக்கும் என் வீட்டில் புத்தக அலமாரி ஒன்று உண்டு. அதன் மேல்தட்டில், பழைய மறைக்கல்வி நூல்களுக்குப் பின்னால், முதுகு கிழிந்த ஆங்கில நாவல் ஒன்றை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக ஒளித்து வைத்திருக்கிறேன். ‘ஒளித்து’ என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அது ஆபாச நூலன்று. தடை செய்யப்பட்ட நூலுமன்று. அயர்லாந்து நாட்டவரான பிராம் ஸ்டோக்கர் எழுதி, 1897ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனில் வெளிவந்த ‘டிராகுலா’ என்னும் திகில் நாவல். அதை நான் விரும்புகிறேனா, வெறுக்கிறேனா என்று எவரேனும் கேட்டால், இந்த வயதிலும் எனக்கு நேரான விடை வராது.

சென்ற கோடை விடுமுறையில் கோவளத்திலிருந்து வந்திருந்த என் தங்கையின் பேத்தி, நாற்காலி மீதேறி நின்று அந்நூலைக் கண்டுபிடித்துவிட்டாள். பதினைந்து வயது. பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவள். “தாத்தா, இந்தப் புக்க நான் எடுத்துட்டுப் போறேன்” என்றாள். அட்டையிலிருந்த வௌவால் அவளைப் பிடித்துக்கொண்டது போலும். “அது அந்தக் காலத்து இங்கிலீசும்மா, புரியாது” என்றேன். “டிக்ஷனரி இருக்குல்ல?” என்றாள். “சரி, அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று சொல்லி நூலை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் முகம் சுருங்கியதைக் கண்டேன். ஆயினும் கொடுக்க மனம் வரவில்லை.

அவளுடைய தந்தை கடல் தொழில் செய்தவன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி இரவில் துணைக்கு ஒருவனை அழைத்துக்கொண்டு வலை போடச் சென்றான். உடன் சென்றவனை மறுநாள் வேறொரு படகினர் மீட்டுக் கொணர்ந்தார்கள். இவன் திரும்பவில்லை; உடலும் கரை ஒதுங்கவில்லை. அந்த நாவலிலோ ஒரு கப்பல் வருகிறது. அதில் மாலுமிகள் ஒருவர்பின் ஒருவராகக் காணாமற்போகிறார்கள். இந்தப் பிள்ளையின் கையில் அதை எப்படிக் கொடுப்பது?

அந்த வாரம் முழுதும் நாவலை மறுபடி படித்தேன். என் வாழ்வில் அது மூன்றாம் முறை.

முதன்முறை படித்தது 1975இல். அப்போது நான் சென்னையில் புகுமுக வகுப்பு மாணவன். பின்னாளில், 1985இல், தீக்கிரையாகிவிட்ட மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் இரண்டு ரூபாய்க்கு அதை வாங்கினேன். விடுமுறைக்குக் கோவளம் வந்ததும், கடலோசை கேட்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில், அரிக்கேன் விளக்கை அருகில் இழுத்து வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். அந்நாவலில் கதை சொல்பவர் என்று தனியே ஒருவர் இல்லை. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் துணுக்குகள் ஆகியவற்றை அடுக்கியே ஆசிரியர் கதையை நகர்த்துகிறார். அதனால்தான் அச்சம் பெருகுகிறது. ஒருவருடைய நாட்குறிப்பில் நாம் அறிந்துகொண்ட ஆபத்தை, அடுத்த நாட்குறிப்பை எழுதுபவர் அறியமாட்டார்; சன்னலைத் திறந்து வைத்துவிட்டு உறங்கப் போவார். சன்னலை மூடு என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்க வேண்டும். “யாருகிட்டடா பேசுற?” என்று உள்ளிருந்து ஆயா கேட்டது நினைவில் இருக்கிறது.

கதையின் தொடக்கத்தில் ஜானதன் ஹார்க்கர் என்ற இளம் ஆங்கில வழக்கறிஞன் சொத்து விற்பனை ஒன்றின் பொருட்டு டிரான்சில்வேனியா மலைநாட்டுக்குச் செல்கிறான். வழியில் ஒரு விடுதி. நாளை புனித ஜார்ஜியார் திருநாள், அதற்கு முந்திய இரவில் தீமைகள் யாவும் வலிமை பெறும், போகாதே என்று விடுதிக்காரக் கிழவி மண்டியிட்டு மன்றாடுகிறாள். அவன் கேட்கவில்லை. அவள் தன் கழுத்திலிருந்த சிலுவையைக் கழற்றி, உன் தாயின் பொருட்டாவது இதை அணிந்துகொள் என்று அவன் கழுத்தில் மாட்டிவிடுகிறாள். ஹார்க்கர் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தவன். இவையெல்லாம் சிலை வழிபாடு என்று கற்பிக்கப்பட்டு வளர்ந்தவன். ஆயினும் ஒரு கிழவியின் அன்பை எப்படி உதறுவது என்று கூசி அதை அணிந்துகொள்கிறான். பின்னர்க் கோட்டையில் ஒரு காலை அவன் முகம் மழிக்கும்போது கத்தி பட்டு இரத்தம் கசிய, பிரபு டிராகுலா வெறியோடு அவன் கழுத்தை நோக்கிப் பாய்கிறான். அவன் கை செபமாலையில் படுகிறது. அந்தக் கணமே வெறி அடங்குகிறது.

அந்த இரவே ஆயாவின் செபமாலையைக் கேட்டு வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். பேரனுக்குப் பக்தி வந்துவிட்டதென்று ஆயாவுக்கு அளவில்லா மகிழ்ச்சி. காலையில் அண்டை வீடுகளுக்கெல்லாம் அதைச் சொல்லிவிட்டு வந்தார்கள். அது பக்தியன்று, வெறும் கிலி என்று அவர்களிடம் நான் கடைசிவரை சொல்லவேயில்லை.

இதுவரை எழுதியது சிரிப்பதற்குரியது. இனி எழுதப் போவது அப்படிப்பட்டதன்று.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். நான் சிறுவனாக இருந்தபோது பனங்கிழங்கு அவித்தால் எனக்கென்று இரண்டு எடுத்து வைப்பவர். மணமாகி, முதற்குழந்தை பிறந்து ஒரே வாரத்தில் இறந்துபோயிற்று. அதன்பின் அவர் இரவில் எழுந்து கடற்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். ‘காத்து கருப்பு அடிச்சிருச்சு’ என்றது ஊர். வேப்பிலைக் கொத்தால் அடித்தார்கள். எங்கோ கொண்டுபோய் மிளகாய்ப் புகை காட்டினார்கள். நான் கல்லூரியிலிருந்து வந்த அந்த விடுமுறையில் அவர் தாய்வீட்டில்தான் இருந்தார்.

நாவலில் லூசி என்றொரு பெண் வருகிறாள். அவளும் உறக்கத்தில் எழுந்து நடப்பவள். கடலோரக் குன்றின் மேலிருக்கும் கல்லறைத் தோட்டத்திற்கு இரவில் தனியே போகிறாள். அங்கேதான் டிராகுலாவின் பிடியில் விழுகிறாள். இறந்தபின் கல்லறையிலிருந்து எழுந்து, சிறு குழந்தைகளைத் தேடி அலைகிறாள். பதினேழு வயதுப் பையன் இதைப் படித்துவிட்டு மாலையில் கடற்கரைக்குப் போகிறான். எதிரே அந்த அக்கா வருகிறார். “தம்பி, எப்ப வந்த?” என்று கேட்கிறார். நான் ஓடினேன். திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். என் கழுத்தில் செபமாலை கிடந்தது.

சில மாதங்களில் அவரை வெளியூரிலிருந்த அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த நாவலை நினைக்கும்போதெல்லாம், கோட்டையும் வௌவாலும் நினைவுக்கு வருமுன் அந்தக் கேள்விதான் என் காதில் விழுகிறது. இக்குற்றத்தை ஸ்டோக்கர் மீது சுமத்த முடியாது. அவர் எழுதியது இங்கிலாந்தின் விட்பி என்னும் துறைமுக ஊரைப் பற்றி, ஓடியவன் நான்.

ஆனாலும் அவரை முற்றிலும் விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை. லூசிக்கு நாவல் என்ன செய்கிறது? அவளை மணக்கவிருந்தவனே அவள் நெஞ்சில் மரமுளையைச் சம்மட்டியால் அறைந்து இறக்குகிறான். சுற்றி நின்று மற்றவர்கள் செபம் வாசிக்கிறார்கள். அவள் உடல் துடிப்பதையும் அவன் கை தளராமல் அடிப்பதையும் ஆசிரியர் விரித்துரைக்கிறார். முடிவில் அவள் முகத்தில் பழைய தூய்மை திரும்பியது. ஆகவே அது இரக்கச் செயல் என்று நம்மை ஏற்கச் செய்கிறார். கதைக்குள் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பேயோட்டுவதாகச் சொல்லிப் பெண்களை அடிப்பதும் சூடுபோடுவதும் நம் மண்ணில் வெறுங்கதையன்று. ‘அவ நன்மைக்குத்தான்’ என்ற சொல்லை வேப்பிலைக் கொத்து வைத்திருந்த கைகளும் சொல்லின. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1172ஆம் விதி, ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதியின்றி எவரும் பேயோட்டும் சடங்கை முறையாக நடத்தலாகாது என்கிறது. அத்தகைய எச்சரிக்கை எதுவும் அந்நாவலில் வரும் மருத்துவர் வான் ஹெல்சிங்குக்கு இல்லை.

வான் ஹெல்சிங்! இந்த மனிதர் பேரில் எனக்கிருக்கும் சண்டை தனி. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த டச்சுக்காரர், கத்தோலிக்கர். மாணவர்களைச் சுற்றுலாவாகச் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு அழைத்துச் சென்று டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்களைக் காட்டும்போதெல்லாம் அவர் நினைவு எனக்கு வரும். லூசியின் கல்லறைக் கதவை அடைப்பதற்காக இவர் நற்கருணை அப்பத்தை நொறுக்கி, மாவுப் பசையோடு பிசைந்து, சன்னல் இடுக்கில் மக்குப் பூசுவதுபோல் பூசுகிறார். இது எப்படி முறையாகும் என்று உடனிருப்பவர்கள் திகைக்க, தமக்குப் பேறுபலன் வழங்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்.

1975இல் இந்த இடத்தை ஒரு நெருடலும் இல்லாமல் கடந்து போனேன். அப்போது எனக்கிருந்த ஐயம் வேறு. இத்தகைய நூலைக் கத்தோலிக்கன் படிக்கலாமா என்பது. பங்குத்தந்தையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்தார். “தடை நூல் பட்டியலையே 1966ல எடுத்தாச்சு தம்பி. படிச்சு முடிச்சிட்டு எனக்கும் குடு” என்றார். பத்து நாள் கழித்து நூலைத் திருப்பித் தரும்போது, “கதை நல்லாத்தான் இருக்கு. அந்த டாக்டருக்கு மட்டும் நன்மைன்னா என்னன்னு தெரியல” என்றார். நானும் தலையாட்டி வைத்தேன். அவர் சொன்னது எனக்கு விளங்க இருபது ஆண்டுகள் ஆயின.

1996இல் செங்கற்பட்டில் ஞாயிறுதோறும் மறைக்கல்வி கற்பித்துக்கொண்டிருந்த நாள்களில் இரண்டாம் முறை படித்தேன். அம்முறை அந்தப் பக்கத்தில் நூலை மூடி வைத்துவிட்டேன். பேறுபலன் என்பது மன்னிக்கப்பட்ட பாவத்துக்குரிய தற்காலத் தண்டனையைக் குறைப்பது. ஒரு செயலைச் செய்துகொள்ள வழங்கும் உரிமச் சீட்டன்று. எந்தத் திருத்தந்தையும் எந்த ஆயரும் நற்கருணையை மக்காகப் பூச அனுமதி தந்திருக்க முடியாது. ஸ்டோக்கர் அயர்லாந்தின் புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்தவர். கத்தோலிக்கரின் பொருள்களை அருகிருந்து பார்த்தவர். அவற்றின் உள்ளே போகாதவர். பின்னர் மினா என்னும் நல்ல பெண்ணின் நெற்றியை வான் ஹெல்சிங் அதே அப்பத்தால் தொட, அவள் நெற்றி தீய்ந்து வடுவாகிறது. அவள் செய்த குற்றம் என்ன? டிராகுலாவால் தாக்கப்பட்டதுதான். தாக்கப்பட்டவளையே சுட்டு எரிக்கும் நற்கருணையை நான் அறியேன். உண்பதற்காகத் தரப்பட்டதை ஒருவர் பூட்டாகவும் சூட்டுக்கோலாகவும் ஆக்கிவிட்டார் என்று அன்று என் குறிப்பேட்டில் காரமாக எழுதி வைத்தேன்.

எழுதினேனே தவிர, மூடிய நூலை மறுநாள் திறக்காமல் இருக்க முடியவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஓடும் அந்நாவல் படிப்பவனை விடுவதில்லை. அக்காலத்தின் புதுமைகள் எல்லாம் அதில் இருக்கின்றன: தட்டச்சுப் பொறி, குரலைப் பதியும் உருளை, தந்தி, இரத்தம் ஏற்றுதல். லூசியைக் காப்பாற்ற நான்கு ஆடவர்கள் ஒருவர்பின் ஒருவராக இரத்தம் கொடுக்கிறார்கள். இரத்தப் பிரிவுகளைக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வகைப்படுத்தியதோ 1901இல். நாவல் வந்து நான்கு ஆண்டுகள் கழித்து. அவளைக் கொன்றது டிராகுலாவா, இந்த நால்வரின் பொருந்தாத இரத்தமா என்று எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர் கேலி செய்வார். அறிவியல் ஒரு கையிலும் சிலுவை மறு கையிலுமாக இருளில் தடவிச் செல்லும் மனிதர்களைக் காட்டியதில்தான் அந்நூலின் வலிமை. 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ தொடராக வந்தபோது, நடப்பது ஆவியின் வேலையா அறிவியலின் வேலையா என்று கணேஷும் வசந்தும் வாதிட்டதை வாரந்தோறும் காத்திருந்து படித்த தலைமுறை நாங்கள். அந்தக் கேள்வியின் மூத்த அண்ணனை ஸ்டோக்கரிடம் கண்டேன்.

அச்சத்தை ஸ்டோக்கர் எங்கிருந்து பெற்றார்? அவர் 1847இல் டப்ளின் அருகே பிறந்தவர். ஏறத்தாழ ஏழு வயதுவரை எழுந்து நடமாட முடியாத நோயாளிக் குழந்தை. படுக்கையருகே அமர்ந்த தாய் சார்லட், தம் சிறுவயதில், 1832இல், ஸ்லைகோ ஊரில் காலரா வந்தபோது கண்டவற்றையும் கேட்டவற்றையும் சொல்வாராம். உயிர் போகுமுன்பே புதைக்கப்பட்டவர்களின் கதைகளும் அவற்றில் உண்டு. ஆக, கல்லறையிலிருந்து எழுந்து வருபவர்கள் அவருக்குக் கற்பனையாக மட்டும் வந்தவர்கள் அல்லர். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையிலும் இதைக் கண்டேன். பல மாதங்கள் வரை, இரவில் கடற்கரையில் அழுகுரல் கேட்பதாகச் சொல்லிப் பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியே வர மறுத்தார்கள். அவர்களிடம் பேய் இல்லை என்று விளக்கிக் கொண்டிருப்பதில் பொருளில்லை. அவர்கள் பயந்தது பேய்க்கன்று, கடலுக்கு.

மூன்றாம் வாசிப்பில், முன்னிருமுறையும் நான் விரைந்து கடந்துவிட்ட இரண்டு இடங்களில் நின்றேன்.

ஒன்று, மினாவின் பேச்சு. டிராகுலாவை அழிக்க ஆடவர்கள் உறுதி பூண்டு வஞ்சினம் கூறும்போது, நெற்றியில் வடுவோடு இருக்கும் அவள் குறுக்கிடுகிறாள். இத்தனை துன்பத்தையும் விளைத்த அந்த ஆன்மாதான் எல்லாரிலும் பரிதாபத்திற்குரியது, அவனை அழிக்க வேண்டியதுதான், ஆயினும் அவனுக்காகவும் இரங்குங்கள் என்கிறாள். அவள் கணவன் ஹார்க்கர் கொதித்தெழுகிறான். முடிந்தால் அவனை என்றென்றும் எரியும் நரகத்திற்கே அனுப்புவேன் என்கிறான். அப்படிச் சொல்லாதீர்கள், ஒருநாள் எனக்கும் அதே இரக்கம் தேவைப்படலாம் என்கிறாள் அவள். இப்பெண்ணைத்தான் முன்பு அப்பத்தால் சுட்டார்கள். மறைக்கல்வி ஆசிரியனாக வான் ஹெல்சிங்கின் பிழையைத் திருத்திக் குறிப்பெழுதிய நான், இரண்டு முறையும் மினாவுக்கு அடிக்கோடிடவில்லை. நவம்பர் 6ஆம் நாள் கதிரவன் மறையும் நேரத்தில் டிராகுலா மடிகிறான். அவன் உடல் பொடியாகுமுன் முகத்தில் ஓர் அமைதி தோன்றியதாக மினா எழுதுகிறாள். ஆசிரியர் அறிந்து செய்தாரோ அறியாமற் செய்தாரோ, இறந்த ஆன்மாக்களுக்காக நாம் மன்றாடும் மாதம் அது.

மற்றொன்று அந்தக் கப்பல். ‘டெமீட்டர்’ என்பது அதன் பெயர். கருங்கடலின் வர்னா துறைமுகத்திலிருந்து மண் நிரப்பிய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறது. பெட்டியொன்றில் யார் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியும், மாலுமிகளுக்குத் தெரியாது. காவல் முறைக்குப் போனவன் திரும்புவதில்லை. ஐவர் நால்வராகிறார்கள், நால்வர் மூவராகிறார்கள். இறுதியில் துணைத் தலைவனும் கடலில் குதித்துவிட, கப்பல் தலைவர் ஒருவரே எஞ்சுகிறார். கப்பலைக் கைவிட அவருக்கு மனமில்லை. சுக்கானைப் பிடித்த கைகளைச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறார். கட்டியதில் செபமாலையும் சிலுவையும் சேர்ந்திருக்கின்றன. புயலோடு கப்பல் விட்பி துறையில் வந்து மோதும்போது, இறந்த மனிதரே அதைச் செலுத்தி வந்திருப்பதை ஊர் காண்கிறது. உருசியக் கப்பலின் தலைவர் கையில் கத்தோலிக்கச் செபமாலை எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அந்தச் செபமாலை அவர் உயிரைக் காக்கவில்லை. ஹார்க்கரின் கழுத்தில் கிடந்ததைப் போல எதிரியைத் துள்ளி விலகச் செய்ததாகவும் தெரியவில்லை. அவர் கைகள் சுக்கானைவிட்டு நழுவாமல் வைத்திருந்தது. அவ்வளவுதான்.

ஒரு வாரம் முடிந்தது. நூலைப் பையில் வைத்துக்கொண்டு செங்கற்பட்டிலிருந்து பேருந்தேறினேன். கொடுப்பதா வேண்டாமா என்பதை இன்னும் தீர்மானித்திருக்கவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்ததும் வெயில் தணியட்டும் என்று இறங்கிவிட்டேன். கலங்கரை விளக்கத்தை அடுத்திருக்கும் மகிடாசுரமர்த்தினி குகைக்குள் போய்க் குளிர்ந்த கல்லில் அமர்ந்தேன். பல்லவச் சிற்பி 7ஆம் நூற்றாண்டில் செதுக்கிய அந்தப் போரை எத்தனையோ முறை மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். சிங்கத்தின் மீதேறி வில்லை வளைத்து வருகிறாள் தேவி. எதிரே எருமைத் தலையும் மனித உடலுமாக மகிடன். அவன் தோற்றுக்கொண்டிருக்கிறான், உடல் பின்வாங்கிச் சாய்ந்துவிட்டது. ஆனால் சிற்பி அவனைப் புழுவாக்கவில்லை. கதையை இறுகப் பற்றிய கைகளும் விரிந்த மார்பும் ஓர் அரசனுடையவை. அவன் தலைக்கு மேல் குடைகூட இருக்கிறது. தோற்பவனுக்கும் குடை பிடித்த அந்தச் சிற்பியை மினா கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன்.

கோவளத்தில் நேரே கோவிலுக்குப் போனேன். கார்மேல் மாதாவின் இக்கோவிலை 1808இல் கட்டியவர் போர்ச்சுகீசிய மரபில் வந்த வணிகர் ஜான் டி மான்டி. 1821இல் இறந்து இங்கேயே அடக்கமானவர். தம் உடைமைகளைத் திருச்சபைக்கு எழுதி வைத்தவர். ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு அவர் கோவில் கட்டிய வள்ளலாகத் தெரிவதில்லை. சென்னையில் அவர் பெயரால் வழங்கும் குடியிருப்பைப் பற்றிய பேய்க்கதைகளை வைத்து 2015இல் ‘டிமான்டி காலனி’ திரைப்படம் வந்தபின் அவர் ஒரு பேய். ஒருமுறை வெளியூர் இளைஞர் இருவர் என்னிடமே வந்து, “சார், அந்தப் பேயோட சமாதி எங்க இருக்கு?” என்று கேட்டார்கள். கோபம் வந்தது. பிறகு, பதினேழு வயதில் ஓர் உயிருள்ள பெண்ணையே பேயாக்கிவிட்டு ஓடியவனுக்கு இவர்கள்மீது கோபிக்க என்ன உரிமை என்று அடங்கிப்போனேன். வழியைக் காட்டினேன். உள்ளே போனவர்கள் ஏமாந்த முகத்தோடு திரும்பினார்கள்.

தங்கை வீட்டுக்குப் போய், தேநீர் குடித்தபின், பேத்தியிடம் நூலை நீட்டினேன். “இதுல ஒரு கப்பல் வருதும்மா” என்று தொடங்கினேன். மேலே எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. “தெரியும் தாத்தா. பின் அட்டையில போட்டிருக்கு” என்றாள். அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது.

சூலை 16இல் மாதா திருவிழாவுக்கு மறுபடி கோவளம் போனேன். திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் நூலைக் கொண்டுவந்து காட்டினாள். முதுகுக் கிழிசலுக்குப் பசை ஒட்டியிருந்தாள். “பயமா இருந்துச்சா?” என்று கேட்டேன். “பயமெல்லாம் ஒண்ணுமில்ல” என்றாள். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, “அந்தக் கப்பல்காரர அடக்கம் பண்றதுக்கு ஊரே வந்துச்சுல்ல தாத்தா?” என்றாள்.

“ஆமாம்மா. படகெல்லாம் வந்துச்சு.”

“மீதிய இன்னும் படிக்கல. வெச்சிக்கட்டுமா?”

“வெச்சிக்க.”

அம்மா கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2ஆம் நாள், மற்றவர்கள் தத்தம் கல்லறைகளுக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டு போகும்போது, இவளும் இவள் தாயும் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில் ஒரு மெழுகுதிரியை ஏற்றிவிட்டு நிற்பார்கள். அவர்களுக்குப் போவதற்கு வேறிடம் இல்லை.

திண்ணையில் கிடந்த நூலை எடுத்துப் பார்த்தேன். காய்ந்த குருத்தோலைத் துண்டு ஒன்றை அடையாளமாக வைத்திருந்தாள். திறந்தால், விட்பி ஊரார் அந்த மாலுமியின் பெட்டியைத் துறையிலிருந்து தோள்மீது சுமந்து குன்றின்மேல் கல்லறைத் தோட்டத்திற்குக் கொண்டுபோகும் பக்கம். ஆற்றில் படகுகள் அணிவகுத்து அவருக்கு மரியாதை செய்யும் பக்கம். நான் ஒருபோதும் நிறுத்திப் படிக்காத பக்கம். ஓரத்தில் பென்சிலால், அகராதியைப் பார்த்துப் பார்த்து, சிறிய எழுத்துகளில் எழுதியிருந்தாள்: சவப்பெட்டி. இறுதி ஊர்வலம். துறைமேடை. நல்லடக்கம்.

குருத்தோலையை இருந்த இடத்திலேயே வைத்து நூலை மூடினேன். செங்கற்பட்டுக்குக் கடைசிப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது.